டிசம்பர் இருபத்தாறில் வரும் போன்கள்

ஒரு தேதியில் உலகத்தில் இதுவரை நடந்த எல்லாவற்றையும் காலை பதினொரு மணிக்குள் எட்டு வரியில் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. சேலத்திலிருந்து வெளிவரும் ஒரு மாலைப் பத்திரிகையின் நாலாம் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, தங்கம் விலைக்கு மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ‘இதே நாளில்’ என்று தலைப்பு. யார் பிறந்தார், யார் இறந்தார், எந்த ஊரில் நிலம் நடுங்கியது, எந்த நாடு உடைந்தது என்பதெல்லாம் அதில் வரும். பிறப்புகளைவிட இறப்புகள்தான் அதிகம். நான் வேண்டுமென்று பொறுக்கிப் போடுவதில்லை, கிடைப்பது அப்படி. எங்கள் வீட்டில் அத்தாவும் இரண்டு அண்ணன்களும் கடைவீதியில் ஜவுளி விற்கிறார்கள். “உயிரோட இருக்கிறவங்களுக்கு ஏதாவது செய்யற வேலை உனக்குக் கிடைக்கலையா ஜரினா?” என்று அத்தா முதல் வருடம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

ஆபீஸ் சுவரில் காலண்டர் தாள் கிழிக்கிற பொறுப்பு தலையில் விழுந்தவர்கள், நினைவு அஞ்சலி விளம்பரத்துக்குப் படம் வாங்கி வைக்கிறவர்கள், பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில் ‘இன்று என்ன நாள்’ என்று வாசிக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். தேதிகளோடு பிழைக்கிற நம் எல்லாருக்கும் வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஆகாது. உங்களுக்கு எந்த நாளோ, எனக்கு டிசம்பர் இருபத்தாறு.

விட்டுப்போனது

நான் வேலைக்குச் சேர்ந்தது 2007-இல். எனக்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெறும்போது ஒரு தடித்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நாளுக்கு ஒரு பக்கம். டிசம்பர் 26-க்கான பக்கத்தில் மூன்று சங்கதிகள் இருந்தன. 1791-இல் கணிப்பொறிக்கு முன்னோடியான இங்கிலாந்துக்காரர் பிறந்தார். 1898-இல் ரேடியம் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி பாரீசில் அறிவிக்கப்பட்டது. 1991-இல் சோவியத் யூனியன் முறைப்படி முடிவுக்கு வந்தது. நான் அப்படியே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன். அதற்கு முந்தின வருடங்களில் சுனாமி நினைவு நாளை முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டதால், கட்டத்தில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. நோட்டிலும் ஏறவில்லை. அந்த வருடம் முதல் பக்கத்தில் வேறு ஏதோ செய்தி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு போன். “ராசிபுரத்துலேருந்து பேசறேங்க. பட்டுத் தறி ஓட்டறேன். ரேடியம் கண்டுபிடிச்சது, ரஷ்யா உடைஞ்சது எல்லாம் படிச்சேன்” என்றார் ஒருவர். குரலில் கோபமே இல்லை. அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் குழந்தைக்கு மொட்டை போட வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்கள். மூன்று பேர் போனதில் தங்கை வீட்டுக்காரர் மட்டும்தான் திரும்பி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கடைசியில் கேட்டார்: “தெரியாம விட்டுப்போச்சுங்களா, இல்ல ரெண்டு வருசம் போட்டது போதும்னு விட்டுட்டீங்களா?”

உலகத்துச் செய்தி

அடுத்த வருடம் சுனாமிதான் முதல் வரி. இந்தத் தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு டீ வாங்கி வைத்திருந்தேன். அப்போதும் நாலு மணிக்குத்தான் போன் வந்தது. பின்னால் விசைத்தறி ஓடுகிற சத்தம். “அம்மிணி, பேப்பர் ஆபீசுங்களா? நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துலேருந்து பேசறனுங்க. எம் பேரு ஈஸ்வரி. எங்கூட்டுக்காரரு லாரி டிரைவருங்க” என்றது ஒரு பெண்குரல். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தீவனத்துக்குக் கருவாடு சேர்ப்பார்கள். அந்தக் கருவாட்டை ஏற்றிவர நாகப்பட்டினம் போன செல்வராசு, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. “இந்தக் கட்டத்துல அவரு பேரையும் சேத்து ஒரு வரி போடோணுமுங்க. பெருசா வேண்டாம், ஒரு வரி போதும்.”

எங்கள் பொறுப்பாசிரியர் குமரேசன் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் ஆத்தூர்க்காரர், கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இது உலகத்துச் செய்திக்கான கட்டம்மா. இன்னைக்கு ஒரு டிரைவரைப் போட்டா நாளைக்கு ஊருக்கு ஒருத்தர் வந்து நிப்பாங்க. யாரை வேண்டாம்னு சொல்லுவ?” என்றார். வந்து போனை எடுத்து, அதையே கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் ஈஸ்வரியிடம் சொன்னேன். உலகத்தில் நடந்த பெரிய விஷயங்களை மட்டும்தான் போடுவோம் என்றேன். ஈஸ்வரி கேட்டது இதுதான்: “நாமக்கல்லு உலகத்துல சேத்தி இல்லீங்களா அம்மிணி?”

மேட்டூர்க்காரரின் பிறந்தநாள்

எல்லாரும் துக்கத்தோடுதான் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. 2009-இல் இரண்டு நாள் முன்கூட்டியே ஒருவர் மேட்டூரிலிருந்து கூப்பிட்டார். அவர் பிறந்ததும் டிசம்பர் 26. “ஐம்பத்தெட்டு முடியுதும்மா எனக்கு. அஞ்சு வருசமா என் பிறந்தநாளைக்கு டிவியைப் போட்டா அழுகைதான். உங்க பேப்பர்லயாவது மேலே ஒரு நல்ல சேதி போடக் கூடாதா?” என்றார். ஞாயமான ஆசைதான் என்று தேட ஆரம்பித்தேன். சுனாமிக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், அதே தேதியில் ஈரானில் ஒரு பழைய நகரமே பூகம்பத்தில் இடிந்து விழுந்திருந்தது. அதை மூடி வைத்துவிட்டு மேலும் தேடினேன். மிஞ்சியது கணிப்பொறி முன்னோடியின் பிறப்பு ஒன்றுதான். அதை முதல் வரியாகப் போட்டு, அவருக்குப் போன் செய்து சொல்லவும் செய்தேன்.

பத்திரிகை போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டார். அவர் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவராம். “நன்றிம்மா, பார்த்தேன். அந்தக் கம்ப்யூட்டர் வந்துதாம்மா எனக்கு வேலை போச்சு. வேற நல்லது ஒண்ணுமே நடக்கலையா அன்னைக்கு?”

தறிக்கூடத்தில் பேசியது

ஈஸ்வரி ஒவ்வொரு வருடமும் அதே நாளில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சண்டை போட மாட்டார். “இந்த வருசமும் இல்லீங்களா? செரீங்க” என்று வைத்துவிடுவார். 2010-இல் மட்டும் வைக்கவில்லை. “ஊருக்குள்ள அவரு செத்ததா ஆரும் சொல்றதில்லீங்க அம்மிணி. ஓடிப்போயிட்டாருன்னுதான் சொல்றாங்க” என்றார். அந்த வாரம் விடுமுறை நாளில் நான் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் அவருடைய மாமியார் ராமாயி உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று கேட்டதற்கு ஈஸ்வரி, “தறி ஊட்டுக்கு வந்தவங்க” என்று சொல்லி என்னை நேரே தான் வேலை செய்யும் தறிக்கூடத்துக்குள் கூட்டிப் போய்விட்டார். காதோடு வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும் அவ்வளவு சத்தம். பேசுவதற்கு ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

விஷயம் இதுதான். அன்று காலை செல்வராசு லாரியைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோகவில்லை. தூரத்திலேயே ரோட்டோரம் நிறுத்திவிட்டு டீ குடித்திருக்கிறார். வண்டி யாருக்காவது இடைஞ்சலாக இருந்தால் நகர்த்தச் சொல்லி டீக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கருவாட்டைப் பார்த்து வருவதாகக் கடல் பக்கம் நடந்தார். தண்ணீர் வந்தபோது கடை தப்பியது, லாரி தப்பியது, அவர் மட்டும் இல்லை. சாவியை டீக்கடைக்காரரே லாரி முதலாளியிடம் கொடுத்திருக்கிறார். ஊர் இதைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வர நினைக்காதவன்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான் என்றார்கள். அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாள் என்று ஒருவர் சொல்ல, அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று இன்னொருவர் சேர்த்தார். காணாமல் போனவர் பட்டியலில் பெயர் எழுதிக் கொடுத்ததோடு சரி, இறப்புச் சான்றிதழ் கேட்கும் காகிதத்தில் மாமியார் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். ஈஸ்வரியின் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. நாளைக்கு அவளுக்கு வரன் பார்க்கும்போது என்ன சொல்வது என்பதுதான் ஈஸ்வரியின் கவலை.

“செத்தவரு பொண்டாட்டின்னா கையெடுத்துக் கும்புட்டுப் பேசுவாங்க. ஓடிப்போனவரு பொண்டாட்டிகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்க” என்றார் என் காதில். அறுந்த நூலை முடிந்து தறியை ஓடவிட்டுவிட்டுத் திரும்பி வந்து, அடுத்ததைச் சொன்னார்: “ஓடிப்போறவரு வண்டிச் சாவியப் பத்திரமாக் குடுத்துட்டுப் போவாருங்களா, நீங்களே சொல்லுங்க.”

துக்கம் கேட்டவர்

2011 டிசம்பரில் குமரேசன் சார் சபரிமலைக்குப் போயிருந்தார். நான் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அவர் ஆபீசில் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். இருபத்தாறாம் தேதி காலை ரேடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இப்படி ஒரு வரி போட்டேன்: ‘2004 – நாகப்பட்டினத்தில் தீவனக் கருவாடு ஏற்றச் சென்ற திருச்செங்கோடு வட்டார லாரி ஓட்டுநர் செல்வராசு, ஆழிப்பேரலையில் உயிரிழந்தார்.’ பக்கம் அச்சுக்குப் போகும் வரை மேஜையை விட்டு நகரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கட்டத்தை ஆபீசில் யாரும் படிப்பதில்லை.

நாலு மணிக்கு ஈஸ்வரி கூப்பிட்டார். இந்த முறை பின்னால் தறிச் சத்தம் இல்லை, பஸ் சத்தம் கேட்டது. திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பேப்பர் வாங்கியிருக்கிறார். ஊரில் டீக்கடையில் யாரோ உரக்கப் படித்தார்களாம். அந்த வழியாக இவர் போகும்போது, வழக்கமாகச் சிரிக்கிற ஒரு பெரியவர் எழுந்து நின்று, “மனசத் தேத்திக்க ஆத்தா” என்று சொன்னாராம். பிறகு சொன்னார்: “ஏழு வருசங்கழிச்சு இன்னைக்குத்தானுங்க அம்மிணி எங்கிட்ட ஒருத்தரு துக்கம் கேட்டிருக்கறாங்க.”

நான் அன்று வீட்டுக்குப் போய் அத்தாவிடம், உயிரோடு இருக்கிற ஒருவருக்கு இன்று ஒரு நல்லது செய்தேன் என்று சொன்னேன். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். இரண்டே நாள்தான்.

ராமாயி படியேறி வந்தார்

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ராமாயி எங்கள் ஆபீசுக்கு வந்தார். கூட அவருடைய இளைய மகன். மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் நாலாக மடித்த எங்கள் பத்திரிகை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அந்த ஒரு வரியைச் சுற்றி இளைய மகன் பேனாவால் கோடு போட்டிருந்தார். “இத எழுதுனது ஆருங்க?” என்று கேட்டார். மலையிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த குமரேசன் சார் பத்திரிகையை வாங்கிப் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். தறிக்கூடத்துக்கு வந்தவள் என்று ராமாயி என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவன் எங்கியோ இருக்கறான் சாமி” என்றார். “வண்டிக்குக் கெளம்பற அன்னைக்கு நாந்தான் அவன வெஞ்சுபோட்டேன். ஊட்டுல ஒரு நாள் தங்கறதில்ல, நீயெல்லாம் எதுக்கு வாரேன்னு கேட்டுப்போட்டேன். திரும்பிப் பாக்காமப் போனான். அந்தக் கோவம் இன்னும் ஆறுல அவனுக்கு.” இளைய மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடல் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஓடிப்போனவன்னா என்னைக்காச்சும் வருவான் சாமி. செத்துப்போனவன் எப்படி வருவான்? மாத்திப் போட்டுரு.”

திருத்தம்

குமரேசன் சார் என்மேல் கத்தவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்களை உட்கார வைத்து டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “சேதி சொன்னது அந்தப் பொண்ணுதானே, அதுகிட்டயே கேளு. அது சரின்னு நின்னா நானும் நிக்கிறேன். இல்லைன்னா திருத்தம் போட்டுரலாம்” என்றார். ஈஸ்வரி வேலை செய்யும் தறிக்காரர் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தேன். ஈஸ்வரி வர ஐந்து நிமிடம் ஆனது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “அத்தை ரெண்டு நாளாத் தண்ணிகூடக் குடிக்கலீங்க” என்றார். நான் போட்டது சரிதானே, உங்களுக்கும் தெரியும்தானே என்று கேட்டேன். “தெரியுமுங்க” என்றார். மகளுக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். திருத்தம் போட்டால் ஊர் முன்னைவிட அதிகமாகச் சிரிக்கும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அவருக்குத் தெரியாததா?

அன்றைய பக்கத்தில், அதே நாலாம் பக்கத்தில், நானே தட்டச்சு செய்தேன்: ‘இருபத்தாறாம் தேதி இப்பகுதியில் லாரி ஓட்டுநர் செல்வராசு குறித்து வெளியான தகவல் உறுதி செய்யப்படாதது. தவறுக்கு வருந்துகிறோம்.’ பக்கம் முடிந்த பிறகு இளைய மகன் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அவர் அந்தத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார். போனை வைப்பதற்கு முன்னால் ஈஸ்வரி சொன்னது இது: “அத்தை இருக்கற வரைக்கும் அவரு ஓடிப்போனவராவே இருந்துட்டுப் போகட்டுமுங்க அம்மிணி.”

பனமரத்துப்பட்டி டீச்சர்

அதன் பிறகு ஈஸ்வரி கூப்பிடவில்லை. இடையில் வந்த போன்களில் நினைவில் இருப்பது ஒன்று. பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு டீச்சர். எங்கள் கட்டத்தைத் தினமும் வெட்டி அட்டையில் ஒட்டி வைத்து, அடுத்த வருடம் அதே தேதியில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறாராம். என் கட்டத்தை ஒருவர் சேர்த்து வைக்கிறார் என்று கேட்டதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஒரு வருடத்து அட்டைகளும் முழுதாக இருக்கின்றனவா, ஏதாவது விட்டுப்போயிருந்தால் நான் அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். “டிசம்பர் இருபத்தாறு மட்டும் இல்லீங்க, அன்னைக்கு அரையாண்டு லீவு. நல்லவேளை, அதைப் பிள்ளைங்க முகத்தைப் பார்த்து வாசிக்கிற வேலை எனக்கு இல்லை.”

கிரகணம்

2019-இல் டிசம்பர் 26 அன்றே ஒரு வரலாறு நடந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரை வாக்கில் சூரியன் வளையமாகத் தேய்ந்த கிரகணம் அது. ஆபீஸ் மாடியில் நின்று எக்ஸ்ரே தாளை வைத்துப் பார்க்கப் போனவர்களைக் குமரேசன் சார் கண் போய்விடும் என்று விரட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து போன் நிற்கவில்லை. எப்போது குளிக்கலாம், எப்போது சமைக்கலாம், மாசமாக இருக்கிற மருமகள் ஜன்னலோரம் நின்றுவிட்டாள், பரவாயில்லையா. நாமக்கல்லிலிருந்து பண்ணைக்காரர் ஒருவர், கோழிகள் பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துத் தீனி எடுக்காமல் நிற்கின்றன, இது எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார்.

சுனாமி அந்த வருடம் கட்டத்தில் மூன்றாம் வரிக்கு இறங்கியிருந்தது. நாலு மணிக்கு நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. ராசிபுரத்துக்காரரோ மேட்டூர்க்காரரோ யாருமே கூப்பிடவில்லை. குமரேசன் சாருக்கு அடுத்த மாதம் ஓய்வு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் மேஜை அருகே நின்றார். “சுனாமிக்கு ஒரு போன்கூட வரலை, கவனிச்சியா? அடுத்த வருசம் கிரகணத்தையே முதல் வரியாப் போட்டுரும்மா.”

இருபதாம் வருடம்

2024-இல் எங்களுக்குப் புதுப் பொறுப்பாசிரியர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். டிசம்பர் முதல் வாரமே கூப்பிட்டு, “உலகச் செய்தியெல்லாம் எல்லாரும் செல்போன்லயே பார்த்துக்கறாங்க மேடம். நமக்கு நம்ம மாவட்டத்துச் சேதிதான் வேணும். சுனாமி இருபதாம் வருசம், நம்ம பக்கத்துல யாராச்சும் அதுல செத்திருக்காங்களா? படத்தோட அரைப் பக்கம் போடலாம்” என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. ஒருவர் இருக்கிறார் என்றேன். தறிக்காரர் வீட்டுப் பழைய எண்ணில் அவர் மகன் எடுத்தார். ஈஸ்வரியின் எண்ணைக் கொடுத்தார்.

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார். மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்துவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டில் அப்பா இல்லை என்று மட்டும் சொன்னதாகவும், எப்படி என்று அவர்கள் கேட்கவில்லை என்றும் சொன்னார். ராமாயி அந்த வருடம் தை மாதம் இறந்துபோனார். கடைசி இரண்டு வருடம் படுக்கையிலேயே இருந்தவரை ஈஸ்வரிதான் பார்த்துக்கொண்டார். கொள்ளி போட மூத்த மகன் வருவானா என்று ஊரே அன்று பொழுது சாயும் வரை காத்திருந்ததாம். யாரும் வெளியில் சொல்லவில்லை, ஆனால் பிணத்தை எடுக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். கடைசியில் இளைய மகன் கொள்ளி வைத்தார். பெற்றவள் செத்ததற்கே வராதவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று அன்றைக்குத்தான் ஊர் முடிவுக்கு வந்தது. “அதுக்குப் பொறவு அவரு ஓடிப்போயிட்டாருன்னு ஒருத்தரும் சொல்றதில்லீங்க” என்றார்.

அப்படியானால் இப்போது போடலாம் அல்லவா என்று கேட்டேன். அரைப் பக்கம் தருகிறார்கள், படத்தோடு, பெயரோடு, அன்று மூன்றாம் நாளே பிடுங்கிக்கொண்டதை இப்போது திருப்பிக் கொடுக்கலாம் என்று எனக்குள் ஒரு அவசரம். தறிக்கூடத்தில் என் காதோடு பேசிய அதே தணிந்த குரலில் சொன்னார்: “தெனமும் அத்தைக்காக அவரு வாராரான்னு பாத்துப் பாத்து இப்ப எனக்கே அது பழகிருச்சுங்க அம்மிணி. பஸ்சு நின்னா நானும் எட்டிப் பாக்கறேன். போடாதீங்க.”

எத்தனையோ ராஜாக்களின் சாவை வருடம் மாற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். இத்தனை வருட வேலையில் நான் வருத்தம் தெரிவித்துத் திரும்ப வாங்கிக்கொண்டது, சரியாகப் போட்ட அந்த ஒரு சாவைத்தான்.